தூண்டிலுக்குக் கட்டிய தூளி

மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வலை வீசிப் பிழைக்கிறவர்களைச் சொல்லவில்லை, அது அவர்கள் சோறு. வீட்டில் சோறு இருந்தும் பொழுது போகாமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறார்களே, அந்தக் கூட்டத்தைச் சொல்கிறேன். இப்போது என் மாப்பிள்ளையும் அதில் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் அவர் புதிதாக வாங்கிய உயரமான காரைச் செங் என்கிற ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், உள்கூரையில் தூண்டில் கம்புகளைப் படுக்கவைக்க ஒரு தாங்கி அடித்துக்கொண்டு வந்தார். முன்கண்ணாடிப் பக்கம் ஒரு குறுக்குக் கம்பி, பின்கதவுப் பக்கம் ஒன்று, இரண்டிலும் ரப்பர் வைத்த வளையங்கள். "அத்தை, வந்து பாருங்க லா. எவ்வளவு வேகமா போனாலும் கம்பு சத்தமே போடாது" என்றார். எட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இதை இப்பவே கழட்டி வீசுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. என் மகள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

என்ன ஆயிற்று என்று அவளிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. இப்போது எழுதுகிறேன். நிதானமாக எழுத வராது. நிதானம் வேண்டுகிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்தோம். அந்தப் பெயருக்கு மலாயில் சினங்கொண்ட யானை என்று அர்த்தம். யானை எப்போதோ போய்விட்டது, சினம் மட்டும் எனக்கென்று மிச்சம் இருந்தது போலிருக்கிறது. என் கணவர் பஸ்ஸுக்கும் லோரிக்கும் மரப்பெட்டி கட்டும் பட்டறையில் தச்சர். அதே பட்டறைக்கு நான் வீட்டில் இருந்தபடி இருக்கை உறை தைத்துக் கொடுப்பேன். அவர் மரத்தைப் பார்ப்பார், நான் துணியைப் பார்ப்பேன், இரண்டும் ஒரே வண்டியில் போய்ச் சேரும். கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில்தான் நான் வயிற்றுப்பிள்ளைக்காரி ஆனேன். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான் பட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய வீடு. அதன் சொந்தக்காரரைத் துரத்திவிட்டு ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறியிருந்தான். ஊரிலுள்ள வண்டிகள், பட்டறைகள், அவற்றில் வேலை செய்கிற ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஓடிப்போன ஒரு தோட்டத்துத் துரையின் கார் அவனிடம் இருந்தது. செம்மண் பாதையில் போவதற்கென்று தடித்த சக்கரம் போட்ட உயரமான கார், பின்பாதி முழுக்க மரப்பெட்டி. அந்தப் பெட்டியை முன்பு கட்டியதே என் கணவர் வேலை செய்த பட்டறைதான். ஊரில் மற்றவர்கள் கரியை எரித்து அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். அவனுக்கு மட்டும் பெட்ரோல் இருந்தது.

அவன் வாயாக ஒருவன் கூடவே இருந்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த நம்ம ஆள். வெள்ளைக்காரன் போனதும் ஜப்பான் மொழியை அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு இவன் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். நேரில் 'கிராணியாரே' என்று கூப்பிட்ட வாயால் இப்போது 'அவன்' என்று சொல்கிறேன். செத்தவனுக்கு மரியாதை தரவேண்டும் என்பார்கள். என்னிடம் மிச்சம் இல்லை.

அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். பிறகு டவுனுக்குள் லோரி வர ஆரம்பித்தது. பாசாருக்குப் போன ஆள், கோயிலுக்குப் போன ஆள், முடிவெட்டிக்கொள்ளப் போன ஆள், கண்ணில் பட்டவனை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பட்டறை ஆட்களுக்கு அதிகாரி ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தான். சிவப்பு முத்திரை குத்தியது, கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கட்டியிருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்று கிராணி சொன்னான். நானும் அதைத் துவைத்துத் துவைத்துக் கட்டிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் லோரி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. பட்டறைக்குக் கிளம்பிய என் கணவரை இரண்டு சிப்பாய்கள் பிடித்துவிட்டார்கள். அவர் கைப்பட்டையைக் காட்டுகிறார், அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. நான் அலறினேன். எதிர்வீட்டு வராந்தாவில் அதிகாரி பனியனோடு நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு அதட்டல் போட்டான். ஒரே வார்த்தை. சிப்பாய்கள் சூடு பட்டவர்கள் மாதிரி கையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, காப்பாற்றுவது அந்தத் துணி இல்லை. எதிர்வீட்டில் அந்த ஆள் இருப்பதுதான். அவன் கார் அவன் வீட்டு மாமரத்து நிழலில் நிற்கிறவரைக்கும் என் புருஷன் எனக்கு உண்டு. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தக் காரைப் பார்ப்பேன். வெட்கம்கெட்ட பிழைப்புதான்.

அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம், மீன் பிடிப்பது. மூங்கிலில் அரக்குப் பூசிய நீளமான கம்புகள் வைத்திருந்தான். இரண்டாகக் கழற்றினாலும் ஒவ்வொரு துண்டும் ஆள் உயரத்தைத் தாண்டும். நுனி ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். அதை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு போனால் மரக்கிளையில் பட்டு முறிந்துவிடும். உள்ளே போட்டால் கதவிடுக்கில் நசுங்கும். அதனால் பண்டார் ஹிலிர் கடலோரத்துக்கு மட்டும் நடந்து போய், சேற்றில் கெளுத்திக் குஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு வருவான். வடக்கே குவாலா லிங்கி முகத்துவாரத்தில் பெரிய பெரிய கொடுவா கிடைக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னவன் வாயில் புழுப் புழுக்க.

கிராணி எங்கள் வாசலுக்கு வந்தான். அதிகாரியை மலாயில் துவான் என்பான், காரைக் காடி என்பான். "துவானோட காடிக்குத் தூண்டில் வைக்கிற தாங்கி ஒண்ணு வேணுமாம்பா. எப்படின்னு அவரே காட்டுவாரு."

அதிகாரி ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். கார் கூரையின் மேல் நீளவாக்கில் இரண்டு மூங்கில். அவற்றுக்கு நடுவே வரிசையாகக் குறுக்குக் குச்சிகள். என் கணவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பலகை இல்லை, திருகாணி இல்லை, இரும்பு என்ற ஒன்றே ஊரில் இல்லை. பச்சை மூங்கிலும் தேங்காய்நார்க் கயிறும்தான் இருந்தன. சொன்னதைச் செய்யாமல் இருக்க முடியாது. மாமரத்தடியிலேயே உட்கார்ந்து மூங்கிலை வெட்டி, குறுக்கே பிளாச்சு வைத்து, கயிற்றை நனைத்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்துக் கூரைமேல் ஏற்றினார்.

நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது என்ன என்று. இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே பிளாச்சு, நனைத்த கயிறு. பாடை. வேறென்ன? சுடுகாட்டுக்குப் போவதற்குத் தயாராக ஒரு பாடை என் வீட்டுக்கு நேர் எதிரே கார்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன்காரன் பிணத்துக்குத் தோள் கொடுக்க மாட்டான், பாடைக் கயிற்றைத் தொட மாட்டான். இங்கே அவரே தன் கையால் கட்டி ஏற்றிவிட்டு நிற்கிறார்.

அதைக் கட்டிக்கொண்டு அதிகாரி ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சுற்றுப் போனான். கடைத்தெருவில் நடந்ததைக் கூடப் போன கிராணியே வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். காரைப் பார்த்ததும் துணிக்கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்களாம். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்களாம். ஓரமாக ஒதுங்கித் தலை குனிந்தார்களாம். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். இந்த ஊர்ச் சனங்கள் இப்போதுதான் மரியாதை கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னானாம்.

"நீங்க எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவருக்குச் சந்தோசம்னா நமக்கென்ன?" என்றான் கிராணி. இப்படிப்பட்டவர்களைத்தான் எந்தக் கொடியின் கீழும் நிழலில் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி. கோயில் கும்பிடு எல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அவளும் வேலியோரம் வந்து நின்று மேலே பார்த்தாள். "ஓராங் மாத்தி புஞா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவர்களுடையது என்கிறாள். என் வயிற்றைக் காட்டி, "புவாங் லா, புவாங்!" என்றாள். தூக்கி எறியச் சொல்கிறாள். எறிகிற நிலையிலா நாங்கள் இருந்தோம்?

அன்று சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க நினைச்சுக்கிட்டிருக்கீங்க? தினமும் காலையில எழுந்து நான் அந்தப் பாடையைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"நானா கேட்டேன் புள்ள? அவன் கோடு போட்டான், நான் கட்டினேன்."

"வேற மாதிரி கட்டுங்க. உள்ள கட்டுங்க. எங்கேயாவது கட்டுங்க. அது என் கண்ணுல படக்கூடாது."

அவர் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தால் தூளி மாட்டுவதற்கென்று அங்கே அவர் ஏற்கெனவே ஒரு கொக்கி அடித்திருந்தார். பிறப்பதற்கு முன்னால் தூளி கட்டக்கூடாது என்று நான் சண்டை போட்டதில், கொக்கி மட்டும் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "துணி இருக்கா?" என்று கேட்டார்.

காலையில் போய் அதிகாரியிடம் சொன்னார். கூரைமேல் வெயில் பட்டால் மூங்கில் வெடிக்கும், மழை பட்டால் அரக்கு உரியும், காருக்குள்ளேயே வைத்துத் தருகிறேன் என்றார். கிராணி இதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தான். அதிகாரி தலையாட்டினான்.

அவர் செய்தது இதுதான். மரப்பெட்டியின் கூரையில் உள்பக்கமாக ஓடுகிற வளைசட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சட்டங்களில் மரக்கொக்கி செதுக்கி இறக்கினார். கொக்கிகளில் துணியை ஏணை மாதிரி தொங்கவிட்டு, அதில் கம்புகளைப் படுக்கவைத்தார். மரத்தில் வைத்துக் கட்டினால் வண்டி குலுங்கும்போது கம்பும் குலுங்கும். துணியில் தொங்கினால் வண்டி எப்படிக் குதித்தாலும் அது மெதுவாக ஆடி நின்றுவிடும். பிள்ளைக்கு எது சுகமோ அதுதான் அந்தக் கம்புக்கும் சுகம்.

துணிதான் கேள்வி. ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த காலம். என்னிடம் ஒரே ஒரு பழைய நூல்புடவை இருந்தது. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கண்படும். அவருக்குத் தெரியும். அவர் கேட்கவும் இல்லை, நான் இல்லை என்று சொல்லவும் இல்லை. கத்தரியை எடுத்தேன், இரண்டு துண்டாக வெட்டினேன், ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். பாடை இறங்கினால் போதும் என்றிருந்தது. தைக்கும்போது ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தது. வரட்டும் என்று தைத்தேன்.

பாடை இறங்கியது. என் கணவர் அதைப் பிரித்து அவரைக்கொடிப் பந்தலுக்குக் காலாக நட்டுவிட்டார். எனக்கு அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது. அறைய வேண்டியது என்னை இல்லை என்று தெரிந்தும்.

அதிகாரி காரை ஓட்டிப் பார்த்தான். செம்மண் பாதையில் குதிக்க விட்டுப் பார்த்தான். கம்புகள் உள்ளே சத்தமில்லாமல் தூங்கின. இறங்கி வந்து என் கணவரின் முதுகில் தட்டினான்.

அதற்குப் பிறகு மாமரத்து நிழல் காலியாகத் தொடங்கியது. விடிந்ததும் கார் கிளம்பும், சாயங்காலம்தான் திரும்பும். குவாலா லிங்கிக்குப் போனான், தஞ்சோங் கிளிங்குக்குப் போனான், எந்தப் பாதையில் எந்தப் பள்ளம் இருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. முன்பு கம்பு முறியும் என்று ஊருக்குள் கிடந்தவனுக்கு இப்போது கடலோரம் முழுக்கத் திறந்துவிட்டது. திறந்துவிட்டது யார்? நாங்கள்தான். ஒருவர் கொக்கி அடித்தார், ஒருத்தி துணி கொடுத்தாள்.

"அந்த ஆளு வீட்டிலேயே தங்கறதில்லையே" என்றேன்.

"நல்லதுதானே, தொல்லை விட்டுச்சு" என்றார் கணவர்.

"அவன் தொல்லையா இருக்கிறவரைக்கும்தான் நமக்கு நல்லது."

"சும்மா எதையாவது நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காத. வயித்துல பிள்ளை இருக்கு" என்றார். அவருக்கு எப்போதும் எதிலும் பயமில்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

லோரி வந்தது மத்தியானம். அவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். கிழங்கை வேகவைத்து வைத்திருந்தேன். கையைக் கழுவக் குழாயடிக்குப் போனவரை அங்கேயே பிடித்தார்கள். ஈரக் கையோடு பட்டையைக் காட்டினார். ஒரு சிப்பாய் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மலாயில், கொடுத்தவர் நேரில் வந்து சொன்னால் விடுகிறேன் என்றான். அதைச் சொன்னபோது அவன் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அவனுக்கும் அங்கே யார் இருக்கிறார் என்று தெரியும். அதிகாரி வராந்தாவில் நின்றிருந்தால் போதும், பல்லை விளக்கிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

நான் சாலையைக் கடந்து ஓடினேன், அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு. மாமரத்தடியில் கார் இல்லை. அது நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உள்ளே கிராணி உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைச் சோறு.

"கிராணியாரே, புடிச்சிட்டாங்க! வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"நான் சொன்னா கேப்பானுங்களா? துவான் வரட்டும்."

"அதுக்குள்ள போயிடுவாங்க! உங்களுக்கு அவங்க பேச்சு தெரியுமே, வந்து சொல்லுங்க, காலைப் புடிச்சுக்கறேன்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. பேசி, என்னையும் ஏத்திக்கிட்டா?"

என்னையும் ஏற்றிக்கொண்டால். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஏற்றியிருப்பார்கள்தான். அவனும் பயந்தவன்தான், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கை சோற்றைப் பிசைந்ததை மன்னிக்க என்னால் முடியவில்லை. வாசல்வரை வந்திருக்கலாம். எழுந்தாவது நின்றிருக்கலாம். அவன் இலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நான் திரும்பி ஓடி வருவதற்குள் லோரி நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த ஆட்களுக்கு நடுவில் அவர் தலை தெரிந்தது. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். வீட்டுக்குள்ளே போ என்று காட்டினாரா, அதிகாரியிடம் போ என்று காட்டினாரா, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. லோரி தம்பினுக்குப் போய், அங்கே ரயிலில் ஏற்றிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் கார் வந்தது. நான் மாமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி இறங்கினான். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி இருந்தான். காருக்குள் கையை விட்டு ஒரு கொடுவா மீனை எடுத்தான். என் கை நீளம் இருந்தது. அதை என்னிடம் நீட்டி என்னவோ சொன்னான். கிராணி வாசலில் வந்து நின்றிருந்தான். அவன் மொழிபெயர்த்தான்.

"உனக்குத்தானாம். வயித்துப்பிள்ளைக்காரி நல்லா சாப்பிடணுமாம். ரோடு அந்தக் குலுக்குக் குலுக்கியும் ஒரு கம்புகூட அசையலையாம். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லச் சொல்றாரு."

என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனதை இவன் இன்னும் சொல்லவில்லை. கார் வந்து நின்று, அவன் இறங்கி, மீனைக் காட்டி, என்னிடம் பேசுகிறவரைக்கும் கிராணி அதைச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்கிற வாய் அவனுடையது, கெட்ட சேதிக்கு வேறு ஆள் வேண்டும்.

"சொல்றேன்" என்றேன். "எங்க போய்ச் சொல்லணும்னு கேளுங்க."

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு ஜப்பான் மொழியில் மெதுவாகச் சொன்னான். அதிகாரியின் முகம் மாறியது. மீனைப் பிடித்திருந்த கை இறங்கியது, மீன் கீழே விழுந்தது. அவன் வருத்தப்பட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன், நிஜமாகவே வருத்தப்பட்டான். உள்ளே போய் டெலிபோனில் கத்தினான். திரும்பி வந்து ரயில் போய்விட்டது என்றான். பிறகு காருக்குள் தலையை விட்டு, கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டே கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"பின்பக்கத் துணியில ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருக்காம்" என்றான் கிராணி. "அவரு இல்லேல்ல, அதனால நாளைக்கு உன்னை வந்து தைச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்றாரு."

மீன் என் காலடியில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் அதை எடுத்துக் கழுவித் தன் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பசி அப்படி.

மறுநாள் காலையில் கத்தரியோடு போனேன். தைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று கிராணி காரைத் திறந்துவிட்டான். உள்ளே ஏறி முன்பக்கத் துணியை வெட்டினேன், பின்பக்கத் துணியை வெட்டினேன். என் புடவை, என்னுடையதை நான் எடுத்துக்கொள்கிறேன். கம்புகள் சடசடவென்று பலகையில் விழுந்தன. கொக்கிகளையும் பிடுங்கப் பார்த்தேன், அசையவில்லை. அவர் அடித்தது அப்படி. கிராணி, "அடிப்பாவி, என்ன பண்ற?" என்று கத்தினான். துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தேன். சுட்டுப்போடட்டும் என்றுதான் நடந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அதிகாரி யாரையோ கூப்பிட்டு அதே கொக்கிகளில் சாக்கைக் கட்டிக்கொண்டு அந்த வாரமே மீன் பிடிக்கப் போய்விட்டான். நான் வெட்டியது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவர் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை.

ஊர் வாயை மூடவா முடியும்? பெண்டாட்டி வயிற்றோடு இருக்கும்போது பாடை கட்டினான், அதுதான் அவனைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே என் திண்ணைமேல் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். அவர்களை எழுந்து போகச் சொன்னேன். பாடை கட்டியதால் அவர் போகவில்லை. அந்தப் பாடை கூரைமேலேயே இருந்திருந்தால் கம்புகள் வெயிலில் வெடித்திருக்கும், அந்த ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருப்பான், லோரி வந்த மத்தியானம் வராந்தாவில் நின்றிருப்பான். தூளி கட்டியதால்தான் என் புருஷன் போனார். நல்லது என்று நினைத்துப் பாடையை நான் இறக்கச் சொன்னேன். அதற்காக என்மேல் பழி போட்டுக்கொள்ளவும் மாட்டேன். பிள்ளையைச் சுமக்கிறவள் பாடையைப் பார்க்கமாட்டேன் என்று சொன்னது குற்றமா? பிடித்துக்கொண்டு போனவன் இருக்கிறான், மீன் பிடிக்கப் போனவன் இருக்கிறான், சோறு தின்றவன் இருக்கிறான். பழியை அவர்கள் சுமக்கட்டும்.

மகள் பிறந்தாள். உத்திரத்தில் அவர் அடித்த கொக்கி இருந்தது. துணி என்று என்னிடம் இருந்தது, காரிலிருந்து வெட்டி வந்த அந்த இரண்டு துண்டுதான். ஒன்றாகச் சேர்த்துத் தைத்தேன். சாம்பல் போட்டுத் துவைத்தேன், எலுமிச்சைத் தோல் போட்டு ஊறவைத்தேன், வெயிலில் காயப்போட்டேன். மீன் வாடை போகவில்லை. வேறு துணிக்கு எங்கே போவேன்? அதையே கொக்கியில் மாட்டி அவளைப் படுக்கவைத்தேன். அவளுக்கு அது பழகிப்போனது. பிறகு நல்ல துணி கிடைத்து மாற்றியபோது தூங்க மாட்டேன் என்று வீறிட்டு அழுதாள், பழையதை மாட்டினால்தான் அடங்கினாள்.

அதனால்தான் மாப்பிள்ளை காரைப் பார்த்துக் கத்தினேன். அவர் தாங்கியைக் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மீனோடு வருகிறார். என் மகள் அதை வாங்கி ஆய்ந்துகொண்டே, இந்த வாடை ஏனோ எனக்குப் பிடிக்கும் என்கிறாள். தன் அப்பாவின் வாடை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இது தெரியும்.